வீட்டுக் கணினிக்கு அப்டேட்: முதலில் டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள்

கொளத்தூரில் எங்கள் தெருவில் ட்யூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, எழுப்பிட்டேனா? கொஸ்டின் பேப்பர் பிரிண்ட் எடுக்கலாம்னு அஞ்சரைக்கு ஆன் பண்ணேன். ஏதோ அப்டேட்னு சொல்லி முப்பத்தஞ்சு பர்சென்ட்லயே நிக்குது. ஸ்விட்ச்சை அமுக்கிடவா?"

"கையை வைக்காதீங்கக்கா. சி.பி.யு. முன்பக்கம் குட்டியா ஒரு லைட் இருக்கும். மின்னுதா பாருங்க."

"விட்டு விட்டு மின்னுது."

"அப்போ வேலை நடக்குது. விட்டுடுங்க, டீ போட்டுக் குடிங்க."

ஏழேகாலுக்குக் கணினி தானாகத் திறந்துகொண்டது. அன்றைய கேள்வித்தாளை மட்டும் அக்கா போர்டில் எழுதிப் போட்டார். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அந்த ஸ்விட்ச்சை அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஒருமுறை அமுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மழை நாள், அவசரமாக ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், பொறுமை இல்லை. மறுநாள் சி.பி.யு.வை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த போட்டோக்கள் போயே போய்விட்டன.

அப்டேட் போடத் தெரியாதவர் யாரும் கிடையாது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். எந்த நாளில், எந்த நேரத்தில், எதையெல்லாம் தயார் செய்துவிட்டு அமுக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேரத்தை நீங்கள் குறிக்காவிட்டால் கணினியே குறித்துக்கொள்ளும். அது உங்களுக்கு வேலை இருக்கும் நேரமாகத்தான் அமையும்!

கீழே வரும் வழிமுறைகள் விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதியவை, பெரும்பாலான வீடுகளில் இப்போது அதுதான். திரையில் தெரியும் ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், தேடிப் பிடிக்க வசதியாக இருக்கும்.

எதற்காக இது?

இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைப்பதுதான் மாதாந்திர அப்டேட்டின் முக்கிய வேலை. 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவி, கணினியில் இருக்கும் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

இது தவிர வருடத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். 24எச்2, 25எச்2 என்ற பெயர்களில் வருவது அது. முதல் இரண்டு இலக்கம் வருடம். கடைசி 2 என்பது வருடத்தின் இரண்டாம் பாதி. உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க விண்டோஸ் விசையுடன் 'ஐ' விசையைச் சேர்த்து அமுக்குங்கள். செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், அதன் அடியில் அபவுட். வீட்டுப் பயன்பாட்டுக்கான ஹோம் வகை என்றால் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதம்தான் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். பிறகு அடுத்த பதிப்புக்குப் போயே ஆக வேண்டும்.

எந்த நாளில் போடுவது

மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை, அங்கே குளிர்காலமாக இருந்தால் பதினொன்றரை. அதனால் நம் கணினிகளில் புதன், வியாழனில்தான் தலைகாட்டும். அக்காவுக்கு வியாழக்கிழமை விடிந்ததன் ரகசியம் இதுதான்.

என் வழக்கம், அந்த வாரச் சனிக்கிழமை மதியம் போடுவது. வந்த அன்றே போட மாட்டேன். ஏதாவது கோளாறு இருந்தால் இரண்டு மூன்று நாளில் செய்தி வந்துவிடும். அதற்காக மாதக் கணக்கில் தள்ளவும் மாட்டேன். சனிக்கிழமை என்றால், சிக்கல் வந்தாலும் சரிபார்க்க ஞாயிறு கையில் இருக்கும்.

வீட்டிலிருந்தே கணக்கு வழக்கு பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதா மாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு கெடு, 20-ஆம் தேதி இன்னொரு கெடு. இரண்டாவது செவ்வாய் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். அதாவது முதல் கெடுவின் தலைமேலேயே வந்து உட்காரும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி வேலை செய்கிற கணினி என்றால், கெடுவுக்கு முந்தைய இரவு அப்டேட் பக்கம் போகவே வேண்டாம்.

கணினி அவசரப்படுத்தினால்? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் அப்டேட்ஸ் என்று இருக்கும். ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் ஆக்டிவ் அவர்ஸ். நீங்கள் கணினியில் வேலை செய்யும் நேரத்தை அங்கே குறித்துவிட்டால், அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதிகபட்சம் 18 மணி நேரம் குறிக்கலாம். அக்காவின் கணினியில் காலை 5 முதல் இரவு 11 வரை குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கரன்ட்

நம் ஊரில் அப்டேட் கெட்டுப்போக முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பாருங்கள். முந்தின நாளே பேப்பரில் ஏரியா பெயரோடு போட்டுவிடுவார்கள். காலை 9 மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டிக்கொண்டு நின்றாலும் அப்படியே.

லேப்டாப் என்றால் கவலை குறைவு. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். பேட்டரி உப்பிப்போய், சார்ஜரை எடுத்தால் உடனே அணைந்துவிடும் பழைய லேப்டாப்பை டெஸ்க்டாப் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். இருக்கும். ஆனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் இழுக்கப்பட்டிருக்கும். கணினி மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளக் பாயின்ட் அதில் சேர்ந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் வேண்டாம். கணினியை ஒழுங்காக ஷட் டவுன் செய்து ப்ளக்கை எடுத்துவிடுங்கள். அதே பாயின்ட்டில் டேபிள் ஃபேனைச் செருகி ஓட விடுங்கள். வீட்டு மெயின் ஸ்விட்ச்சை இறக்குங்கள். ஃபேன் தொடர்ந்து சுற்றினால் அந்தப் பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. நின்றுவிட்டால் இல்லை. சுற்றுகிற ஃபேன் ஒரு நொடி தடுமாறினால்கூடத் தெரியாது என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சில இன்வெர்ட்டர்கள் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடும். அவற்றில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் பின்பக்கம் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

தனி யு.பி.எஸ். இருக்கிறவர்கள் அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று வருடம் பழகிய யு.பி.எஸ். கரன்ட் போனதும் ஒரு 'கீச்' சத்தம் போட்டுவிட்டுக் கணினியோடு சேர்ந்து தானும் அணைந்துவிடும். அது இருப்பதும் ஒன்றுதான், ஒரு செங்கல் இருப்பதும் ஒன்றுதான். நல்ல யு.பி.எஸ். கூடச் சில நிமிடங்கள்தான் தாங்கும். அப்டேட் முழுவதையும் அதை நம்பி ஓட்ட முடியாது.

டவுன்லோடு ஆகும்போது கரன்ட் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சதவீதம் ஓடும் நேரம்தான் ஆபத்தானது.

நெட், இடம், நகல்

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் நெட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் கவனம். அப்டேட் சில நூறு எம்.பி.யில் தொடங்கி சில ஜி.பி. வரை போகும். ஒரு நாளைக்கு 2 ஜி.பி. பிளான் என்றால் காலை பத்து மணிக்கே வாட்ஸ்அப் முடங்கிவிடும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்து வையுங்கள். அப்போது பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்காது. வாரக் கடைசியில் நெட் இருக்கும் உறவினர் வீட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம். அவரிடம் கேட்டுவிட்டு!

இடம்: சி டிரைவில் 20 ஜி.பி. காலியாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால் வேண்டாத குப்பைகளை அழிக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்பதும் இருக்கும். அதை டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த கோப்புகள் எல்லாம் போய்விடும். மகனின் ஹால் டிக்கெட், இ.பி. பில் ரசீது, எல்லாம். ஆகவே அதை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்து நகல். முக்கியமான போட்டோ, சான்றிதழ், கணக்குக் கோப்புகளை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்டேட் நேரத்தில் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாம் செருகியிருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. புது லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சாதாரண நாளில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளைத் தொடும் அப்டேட் ஏதாவது வந்தால், சில சமயம் ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் நீல நிறத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது 48 இலக்க எண். முதன்முதலில் லேப்டாப்பைத் திறந்தபோது எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரே தன் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்திருந்தால் சங்கடம்தான். அதனால் இன்றே போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து, எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேஸ் புத்தகம் வைக்கும் இடத்தில் வைத்தால் தொலையாது.

இனி போடலாம்

திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்து மூடுங்கள். செட்டிங்ஸில் இடது பக்கம் கடைசியாக விண்டோஸ் அப்டேட் இருக்கும். செக் ஃபார் அப்டேட்ஸ் பட்டனை அமுக்குங்கள். பட்டியல் வரும், டவுன்லோடு தொடங்கும். புதிய பதிப்பாக இருந்தால் தனியாக டவுன்லோடு அண்ட் இன்ஸ்டால் என்று கேட்கும். அதை நீங்கள் அமுக்கினால்தான் இறங்கும்.

பட்டியலில் ப்ரிவ்யூ என்ற சொல் இருந்தால் விட்டுவிடுங்கள். அது மாதக் கடைசியில் வரும் முன்னோட்டம். அதில் இருப்பதெல்லாம் அடுத்த மாத அப்டேட்டில் எப்படியும் வந்து சேரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று டிரைவர்கள் வரிசையாகக் கிடக்கும். சவுண்டோ பிரிண்டரோ ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் அவற்றையும் தொட வேண்டாம்.

டவுன்லோடு முடிந்து ரீஸ்டார்ட் நவ் என்று கேட்கும்போது, கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். எதிரே உட்கார்ந்து சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்காது. நடுவில் இரண்டு மூன்று முறை தானே அணைந்து தானே திறக்கும், பயப்பட வேண்டாம். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புதுவகை டிஸ்க் உள்ள கணினியில் கால் மணி நேரத்தில் முடிவது, பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். அக்காவுடையது பழைய ஹார்டு டிஸ்க்.

தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, தனியாக ரீஸ்டார்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். இயங்குதளத்தின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு மறுநாள் அங்கிருந்து எழும். முழுதாக அணைந்து எழ வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து திறந்ததும் மறுபடி ஒருமுறை செக் ஃபார் அப்டேட்ஸ் அமுக்கிப் பாருங்கள், மிச்சம் ஏதாவது இருக்கும். அப்புறம் வைஃபை, சவுண்டு, பிரிண்டர், தமிழ் விசைப்பலகை நான்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பகுதியில் கோ பேக் கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம்.

சிக்கிக்கொண்டால்

சதவீதம் நகரவில்லை, ஆனால் ஹார்டு டிஸ்க் விளக்கு மின்னுகிறது என்றால் காத்திருங்கள். மூன்று மணி நேரம் ஆகியும் அசையவில்லை, விளக்கும் செத்துக் கிடக்கிறது என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டால் பெரும்பாலும் அதுவே செய்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வரும். திறக்கவே மாட்டேன் என்றால், தொடர்ந்து இரண்டு மூன்று முறை தோற்ற பிறகு மீட்புத் திரை வரும். அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய்க் கடைசியாக வந்த மாதாந்திர அப்டேட்டை நீக்கலாம். கடைக்குத் தூக்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அந்த மழை நாளில் எனக்கு இது தெரியாது.

தோற்றுப்போன அப்டேட்டுக்கு ஒரு பிழை எண் காட்டும். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம், வேறு மர்மம் இல்லை. மற்றபடி என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ட்ரபுள்ஷூட், அதர் ட்ரபுள்ஷூட்டர்ஸ் என்று போய் விண்டோஸ் அப்டேட்டுக்கு எதிரே ரன் கொடுத்துப் பாருங்கள்.

அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் அப்டேட் பக்கமே வேலை செய்யவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பாருங்கள். விண்டோஸ் முறையாக உரிமம் பெற்றதில்லை என்றால், போட்டுக் கொடுத்தவர் அப்டேட்டை முடக்கி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் 10, மேக், லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே என்ரோல் என்ற இணைப்பு இருக்கும். உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பிசி ஹெல்த் செக் என்ற செயலி சொல்லிவிடும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று சொன்னால் உடனே சோர்ந்துவிடாதீர்கள், சில கணினிகளில் அது பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே தாங்காத கணினிகளும் உண்டு. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அவற்றுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸை அந்த மடிக்கணினிகளிலேயே பார்த்திருப்பீர்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்கள் எல்.டி.எஸ். என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருடம் அப்டேட் கிடைக்கும். சாஃப்ட்வேர் அப்டேட்டர் என்ற செயலியைத் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட். முன்னதாக, மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் என்ற நகலெடுக்கும் வசதியில் நகல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

போலி அப்டேட்

ஏதோ ஒரு தளத்தில் இருக்கும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் விண்டோஸ் பழையதாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சைரன் சத்தத்தோடு வரும். உண்மையான அப்டேட் பிரவுசருக்குள் வராது. போன் எண் கொடுக்காது, ஓ.டி.பி. கேட்காது. ஆல்ட் விசையோடு எஃப்4 அமுக்கி பிரவுசரை மூடுங்கள். மூடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாகக் கணினி பார்க்கிறார்கள் என்றால் இந்தத் திரை எப்படி இருக்கும் என்று ஒருமுறை வாயால் சொல்லியாவது வையுங்கள். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன செயலியைப் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். அடுத்த போன் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு, அதற்கடுத்தது வங்கிக்கு. மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.